பேதி மாத்திரை கேட்டவன்

அம்சா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் கட்டிக்குள் இருக்கிற ஏதோ என்சைம், ஏற்றுகிற மருந்தையெல்லாம் உடைத்துப்போடுகிறது என்று டாக்டரம்மா நேற்று சொன்னார். "பேதி மாத்திரை குடுத்து அத்த வெளிய தள்ள முடியாதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவையே கீழே வைத்துவிட்டார்.

கூட இருந்த உன் தம்பி சக்கரபாணி அதைத் திண்டிவனம் முழுக்கப் பரப்பிவிட்டான். இன்று காலை மீன் வாங்கப் போனால், "இன்னாண்ணே, கட்டிக்கே பேதியா?" என்கிறார்கள். ஒரே பேஜாரு!

நாலு மாதம் நீ வாந்தியெடுத்தது அத்தனையும் அந்தச் சனியனால் வீண். நாளையிலிருந்து வேறு மருந்து. அதை இந்த என்சைமால் தொட முடியாதாம். ஆனால், உன் முடி கொட்டிவிடுமாம்.

இதை நேரில் சொல்ல விழுப்புரம் வரலாமென்றால், கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் வந்துவிட்டார்கள். அதனால் உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: உன் வார்டுக்கு நேர் கீழே, டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.