அக்கரையில் உப்பு கொட்டப் போனவரை மீட்டுத் தருவது குறித்து

அனுப்புநர்:
படகு வழிகாட்டியின் மனைவி,
தேநீர்க்கடை, பார்வைக் கோபுரத்தடி,
தேசியப் பூங்கா.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தேசியப் பூங்கா நிர்வாகம்.

பொருள்: அக்கரை நாட்டுக் காவலில் உள்ள என் கணவர் தங்கள் ஊழியர்தான் என எழுதித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பூங்கா இரண்டு நாடுகளுக்கும் பொது. நடுவில் ஓடும் ஆறுதான் எல்லை. "விலங்குகளுக்கு எல்லை கிடையாது" என்று நுழைவாயிலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் விலங்கு இல்லை என்பதுதான் இப்போது சிக்கல்.

2. மாலையில் அக்கரை மணல்திட்டுக்கு யானைகள் தாமாக வருவதாகப் பயணிகள் நம்புகிறார்கள். அவை உப்புக்கு வருகின்றன. இக்கரையில் கொட்டினால் யானை கோபுரத்தடிக்கே வந்து நிற்கும். அக்கரையில் கொட்டினால் ஆபத்தும் இல்லை, படமும் நன்றாக விழும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழிகாட்டி ஒருவர் படகில் போய்க் கொட்டிவிட்டு வருவது இங்கே வழக்கம். மூட்டை என் கடை அறையிலிருந்துதான் போகும். தங்களுக்கு இது தெரியாது என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது. போன மாதம் விருந்தினர்களோடு வந்தபோது, "இன்னும் கொட்டலையா?" என்று வனச்சரகரைக் கடிந்துகொண்டவர் தாங்கள்தான்.

3. சென்ற வெள்ளிக்கிழமை என் கணவரின் முறை. உடம்பு காய்ச்சலில் கொதித்தது. வனச்சரகர், "ரெண்டு நிமிஷ வேலைப்பா, கொட்டிட்டு ஓடி வந்துடு. சட்டையைக் கழட்டி வச்சிட்டுப் போ, சீருடையோட பார்த்தா வம்பு" என்றார். சட்டை என் கடை ஆணியில் தொங்குகிறது. வெற்றுடம்போடு உப்பு மூட்டையுடன் நின்றவரை, தந்தத்துக்காக யானையை வரவழைக்கும் வேட்டைக்காரர் என்று அக்கரைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கோபுரத்தில் இருந்தவர்கள் அதையும் படம் எடுத்தார்கள்.

4. அவர் தங்கள் ஊழியர், தங்கள் வேலையாகத்தான் வந்தார் என்று ஒரு வரி வந்தால் விட்டுவிடுவதாக அக்கரை அதிகாரி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டுப் போனால் வனச்சரகர், "உப்பா? என்ன உப்பு?" என்கிறார். தங்கள் எழுத்தரோ, "இது ரெண்டு நாட்டு விவகாரம், பொறுமையா இருங்கம்மா" என்கிறார். இத்தனை ஆண்டுகள் தங்கள் விருந்தினர்களுக்கு யானை காட்டியவர், அந்த யானையைக் கொல்ல வந்தவன் என்ற பெயரோடு கம்பிக்குப் பின்னால் கிடக்கிறார்.

5. மறுநாளே இன்னொரு வழிகாட்டியைச் சட்டையில்லாமல் அனுப்பினார்கள். யானைகள் வந்தன. பயணிகள் கைதட்டினார்கள்.

ஆகவே, அந்த ஒரு வரியைத் தங்கள் முத்திரையோடு உடனே எழுதித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை அமைச்சர் குடும்பத்தோடு யானை பார்க்க வருவதாகக் கேள்வி. மூட்டைகள் என் அறையில் இருக்கின்றன. சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. அன்று மணல்திட்டு வெறுமனே கிடந்தால், ஏன் என்று அமைச்சர் கேட்பார். அவருக்குத் தேநீர் கொடுக்கப் போவது நான்தான்.

இடம்: பார்வைக் கோபுரத்தடி
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
படகு வழிகாட்டியின் மனைவி