73939133-ஐ அவர் வாசித்தது

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். உப்பளப் பக்கம் கருமேகம். கணவருக்கு மருந்து இரு வேளை, கஞ்சி ஒரு குவளை.

பக்கவாதத்திற்குப் பின் கால் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சியளிக்க வரும் பெண் இன்று கூறியது: "ரொம்பப் பழகுனது எதுவோ அதுல தொடங்குங்கம்மா. பாட்டு, நம்பர், எதுன்னாலும்."

பாட்டு அவருக்கு ஆகாது. பணிக்காலம் முழுவதும் துறைமுக யார்டில் கன்டெய்னர் எண்களை வாசித்தவர். ஆகவே எண்.

எந்த எண் என்பதில் எனக்கு ஐயமில்லை. 73939133. நூலகத்தில் கண்டெடுத்து நானே பயின்றது. பகா எண். கடைசி இலக்கத்தை நீக்கினால் 7393913. அதுவும் பகா எண். இவ்வாறே ஒவ்வொன்றாக நீக்கி 739, 73, 7 என இறங்கினாலும் எதுவும் வகுபடாது. இத்தன்மை உடையவற்றுள் இதுவே மிகப் பெரியது. 73939 வரை கையால் வகுத்துச் சரிபார்த்தேன். அதற்கு மேல் புத்தகத்தை நம்பினேன். நம்புவது எனக்கு உவப்பன்று.

நவம்பர் 6, வியாழன்

மழை. துணி காயவில்லை.

சிலேட்டில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு யார்டு வழக்கப்படி, இலக்கம் இலக்கமாக: "செவன். த்ரீ. நைன்." அத்துடன் மூச்சு வாங்கி நிறுத்தினார்.

739. எங்கே நின்றாலும் குறையில்லாத எண். அடுப்பைப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே சென்று அழுதேன்.

பக்கத்து வீட்டு மைனி வாசலில் நின்று கேட்டிருக்கிறார். "என்னளா, மனுசனுக்கு வாய் வரல, நீ கணக்கு டீச்சராயிட்டியோ? திருச்செந்தூரான் பேரச் சொல்லச் சொல்லு."

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரு மைனி."

"அவன் கோவிக்க மாட்டான். நீ சோறு பொங்குனியா?"

பொங்கவில்லை. இரவு மைனி வீட்டுக் குழம்பு. உப்பு சற்றுத் தூக்கல். சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். துணி, தலையணை, மிளகாய் வற்றல் எல்லாம் மாடியில்.

மாலை, எட்டு இலக்கங்களும். ஒன்றும் விடவில்லை. கடைசி "த்ரீ" சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். எனக்குப் புரிந்தது: யார்டில் ஒருவர் வாசித்தால் மற்றவர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகே பதிவு. சொன்னேன். மகிழ்ச்சியில் நாக்கு தடுமாறி, "செவன் த்ரீ நைன் த்ரீ நைன் த்ரீ ஒன் த்ரீ" என்றேன்.

கையை உயர்த்தினார்.

"தப்பு. மறுபடி."

பக்கவாதத்திற்குப் பின் எண் அல்லாத முதல் சொற்கள். சிலேட்டைப் பார்த்தேன்.

"ஒறங்குதியா?"

ஓர் எண்ணைப் பிழையாக உரைத்ததாக இதுவரை எவரும் என்னைக் குறை கூறியதில்லை. கூற நான் இடங்கொடுத்ததுமில்லை. திருத்திச் சொன்னேன். தலையசைத்தார்.

கடைசி இலக்கத்தை அழித்தேன். 7393913. வாசித்து முடித்துக் காத்திருந்தார்.

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்.