பூட்டில்லாத கத்தியும் படகில் இல்லாத சீலா மீனும்

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய மாப்பிள்ளை கலியபெருமாளுக்கு,

உன் வருஷ நினைவுக்கு உன் மகள் இளவரசி ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறாள். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் உன்னைத் தங்கம் என்கிறார். இன்னொருவர் கலங்கரை விளக்கம் என்றே எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷம் ஒரே படகில் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு போனவன் நான். நீ விளக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்தவனை ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்லவிடாத ஆள் நீ.

நான் ஐந்தாவதோடு நின்றதற்கு என்ன காரணம் என்று இந்தத் திருமலைராயன்பட்டினத்துக்கே தெரியும். ஆறாவது வாத்தியார் வீடு தேடி வந்து கெஞ்சினார். எனக்குத்தான் கடலை விட மனசில்லை. இதை உன் கல்யாணத்தன்று பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தேன். தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "வாத்தியாரு வந்தது மீன் வாங்க, மச்சான்" என்றாய். பந்தி முழுக்கச் சிரித்தது. என் தங்கச்சி காந்திமதியும் சிரித்தாள். அதை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா?

பிறகு நான் திமிங்கிலம் பார்த்தேன். நீ அதைத் தென்னை மரம் என்றாய். என் தாத்தா பிரெஞ்சு தொரைக்கு ஆலோசனை சொன்னவர். நீ அவர் தொரை வீட்டுக்கு நண்டு விற்றார் என்றாய். நண்டு விற்கும்போது ஆலோசனை சொல்லக்கூடாதா, மாப்பிள்ளை?

சரி, கத்திக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இளவரசி பிரான்சிலிருந்து வந்தபோது இரண்டு மடக்குக்கத்தி வாங்கி வந்தாளே, ஞாபகம் இருக்கும். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு கத்தியின் விலைக்கு நல்ல மிக்ஸி இரண்டு வாங்கலாம் என்று காந்திமதி முனகினாள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று இளவரசி இரண்டையும் ஒரு தட்டில் வைத்தாள். நமக்குத் தட்டில் வைத்தும் வந்தது.

"அப்பா, மாமா, ஆளுக்கொண்ணு. பாத்து எடுத்துக்குங்க."

ஒன்று மரப்பிடி. கருங்காலி நிறம், மெல்லிசு, சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. இரண்டு கையாலும் பிடித்து நகத்தால் இழுத்துத்தான் திறக்கவேண்டும். இன்னொன்று சாம்பல் நிறம். பிடி முழுக்கச் சொரசொரப்பு, முதுகில் ஒரு கொக்கி, அலகில் கட்டைவிரல் வைக்க ஓட்டை. ஒரு கையால் தள்ளினால் திறந்து டக்கென்று பூட்டிக்கொள்ளும். பார்க்க ஏதோ மிஷினிலிருந்து கழன்று விழுந்த சாமான் மாதிரி இருந்தது.

நீ என்ன செய்தாய்? கையை உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து இரண்டையும் பிடித்துப் பார்த்தாய். பத்துத் தடவை திறந்து மூடினாய். பெண் பார்க்க வந்தபோதுகூட நீ அவ்வளவு பார்க்கவில்லை.

"சாம்பலுதான் கடலுக்கு ஆகும், மச்சான். ஈரக்கையில வழுக்கல. பூட்டு இருக்கு பாரு."

"பூட்டு பொட்டிக்குத்தான் வேணும். கத்திக்கு எதுக்கு?" என்றேன்.

"நெம்புனா மடங்காம நிக்கும்ல."

நீ சாம்பலை நல்லது என்று சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு நான் அதை எடுப்பேனா? "தாய்மாமனுக்குத்தான் மொத உரிமை" என்று மரப்பிடியை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். காது குத்தினாலும் சரி, கத்தி வந்தாலும் சரி, தாய்மாமனுக்கு அடுத்துதான் அப்பன். அன்று ராஜா மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

அந்தப் பிடி ஒரு ராஜாவின் காட்டிலிருந்து வந்த மரம் என்றும், பிரெஞ்சு தொரைமார்கள் சாப்பாட்டு மேசையில் இந்தக் கத்தியைத்தான் எடுத்து வைப்பார்கள் என்றும் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவைத்தேன். மீன் ரத்தம் பட்டால் ஒரே நாளில் கறுத்துவிடும், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கவேண்டும். அதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் கூர்மையில் என் கத்தி ஜெயித்தது. ஏலக் கொட்டகையில் எல்லாரும் பார்க்கக் கயிறு அறுத்தோம். என்னுடையது வெண்ணெயில் போவது மாதிரி போனது. அப்போதும் நீ விட்டாயா? "கூரு இருக்கு. புத்தி இல்ல" என்றாய். கத்தியைச் சொன்னாயா, என்னைச் சொன்னாயா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்கு நாலு மாசம் கழித்து அந்தக் காலை. படகில் நாம் இரண்டு பேர்தான். வலைக் கயிறு இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. நான் குனிந்து, என் கத்தி முனையைக் கயிற்றுக்கு அடியில் விட்டு நெம்பினேன். அது அப்படியே திரும்பி என் ஆள்காட்டி விரல்மேல் மூடிக்கொண்டது. எலும்பு தெரிந்தது. நீ ஒரு கையால் இன்ஜினைப் பிடித்தபடி மறு கையால் சாம்பல் கத்தியைத் திறந்து கயிற்றை அறுத்தாய். உன் துண்டைக் கிழித்து என் விரலைக் கட்டினாய். கரை வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கரையில் இறங்கியதும் ஊரைக் கூட்டி, பூட்டு, புத்தி, தாய்மாமன் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டி அடிப்பாய் என்று காத்திருந்தேன்.

ஏலக் கொட்டகையில் நம் தெருப் பக்கிரிதான் முதலில் கேட்டான். "என்னண்ணே கையில?"

"சீலா கடிச்சிடுச்சு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். பல்லுக்கார மீன் அது. படகில் அன்று ஒரு சீலாகூட இல்லை. மத்தியும் காரப்பொடியுமாகப் பொடி மீன்தான்.

"எங்க மீனு?" என்றான் பக்கிரி, கூடைக்குள் எட்டிப் பார்த்து.

நான் செத்தேன் என்று நினைத்தேன். அப்போது நீ வாயைத் திறந்தாய்.

"கடிச்சிட்டுத் தண்ணிக்குள்ள குதிச்சிடுச்சுப்பா. நானும் பாத்தேன். ஒத்தக்கண்ணு மீனு."

மாப்பிள்ளை, அந்த மீனைத் தண்ணீரில் குதிக்கவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒற்றைக்கண் ஏழு ஜென்மத்துக்கும் தோன்றாது. முப்பது வருஷமாக நான் சொன்ன எதையும் நிற்கவிடாதவன், நான் சொன்னதிலேயே சுத்தப் பொய்யான ஒன்றை எடுத்து அதற்குக் கால் வைத்து நடக்கவிட்டாய். அன்றிலிருந்து டீக்கடையில் அந்த மீனை நீதான் சொன்னாய். நீ சொன்னால் ஊர் நம்பும், ஏனென்றால் நீ பொய் சொல்லாத ஆள். பொய் என்னுடையது, பேர் உனக்கு. பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் காட்டுவது மட்டும் என் வேலை.

ஒரே ஒரு தடவை, நாம் தனியாக இருக்கும்போது, சாம்பல் கத்தியைப் படகுப் பலகையில் என் பக்கமாக வைத்தாய். "மாத்திக்குவோமா, மச்சான்?" என்றாய். "தாய்மாமன் எடுத்தது எடுத்ததுதான்" என்றேன். சரி என்று திரும்ப எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டாய். ஏன் அன்று இன்னொரு தடவை கேட்கவில்லை? மற்றதற்கெல்லாம் மல்லுக்கு நிற்பாயே.

பிறகு போன வருஷம், வலை பிரித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாய். சண்டையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போகிறவனை என்னவென்று சொல்வது?

இப்போது போன வாரம் நடந்ததைக் கேள்.

உன் படத்துக்கு முன்னால் படையல் போட்டார்கள். மீன் குழம்பு, பீடிக்கட்டு, அதன் பக்கத்தில் உன் சாம்பல் கத்தி. சாப்பாடு முடிந்ததும் இளவரசி என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் அங்கே பூக்கடையில் வேலை பார்க்கிறாள் அல்லவா? காலையிலிருந்து சாயங்காலம் வரை பூக்காம்பு வெட்டுவது, கட்டு அறுப்பது, அட்டைப்பெட்டி பிரிப்பது.

"மாமா, எனக்கும் தெனமும் பையில வச்சிக்க ஒரு கத்தி வேணும். கடையில புதுசா வாங்க மனசு வரல. அப்பாவோடத நீங்க வச்சிக்குங்க. ஒங்களோடத எனக்குத் தாங்க."

"அது எதுக்கும்மா?"

"லேசா, அழகா இருக்கு. அப்பாவே போன்ல சொன்னாரு. மாமா எடுத்ததுதான் நல்ல கத்தி, அவருக்குத்தான் பாக்கத் தெரியும்னு."

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய், மாப்பிள்ளை. என்னிடம் ஒருநாளும் சொல்லாததை, கடல் தாண்டி இருக்கிற மகளிடம் சொல்லியிருக்கிறாய். இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். நான் சும்மா இருந்தால் போதும், ஊரிலேயே கத்தி பார்க்கத் தெரிந்தவன் நான் என்று உன் வாயாலேயே நிலைத்துவிடும். அந்தப் பிள்ளை மட்டும் அதை எடுத்துப் போய் ஈரக்கையோடு பூக்கட்டை நெம்புவாள். அவளுக்குக் கட்டுப்போட அங்கே யார் துண்டைக் கிழிப்பார்கள்?

"அது வேணாம். அது மடங்கிடும். என் விரல வெட்டுனது அதுதான்" என்றேன்.

யாரும் நம்பவில்லை.

"அண்ணே" என்றாள் காந்திமதி, குரலே மாறிவிட்டது. "அவரு பாத்தேன்னு சொன்ன மீனு. இன்னைக்குப் போயி, அவரு படத்துக்கு முன்னாடி அவரப் பொய்யனாக்குறியா?"

"நானும் பாத்தேன்க்கா, அது குதிச்சத" என்றான் பக்கிரி. அவன் அன்று கடலுக்கே வரவில்லை.

"மாமாவுக்குக் கத்தியைக் குடுக்க மனசில்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஒட்டு ஒடசல் இல்லாத நிஜத்தைச் சொல்கிறேன். அதையும் நீ செத்த பிறகும் உட்கார்ந்து மறுக்கிறாய். படத்தில் உன் மூஞ்சியைப் பார்த்தேன். அதே பந்திச் சிரிப்பு.

எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு முருங்கைக்காய் எடுத்து வந்தேன். என் கத்தியைத் திறந்து, பிடியில் அலகு வந்து படியும் பள்ளத்தில், அன்று என் விரல் இருந்த இடத்தில், முருங்கைக்காயை வைத்தேன். அலகின் முதுகை நிலைப்படியில் ஒரு தட்டுத் தட்டினேன். கத்தி மூடியது. முருங்கைக்காய் இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. அடுத்து உன் கத்தியைப் படையலிலிருந்து எடுத்து அதேபோல் தட்டினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு ஆத்திரம் தீருகிற வரைக்கும். நிலைப்படியில்தான் பெயிண்ட் போனது. கத்தி அசையவில்லை.

இளவரசி என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பு ஒரே நேர்கோடு. இத்தனை நாள் நான் காட்டிய விரலை ஒருவரும் பார்த்ததே இல்லை, மீனைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"பல்லுத் தடம் எங்க, மாமா?" என்றாள் மெதுவாக.

காந்திமதி உன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அது உன்னிடம் கேட்டது. எனக்கும் தெரியாது. நீ ஏன் அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா, உன் பிடிக்குள் வைத்துக்கொள்ளவா? காப்பாற்றத்தான் என்றால், அதை எனக்குத் தெரியாமல் செய்திருக்கக்கூடாதா? அந்தக் கடனோடு ஒன்றரை வருஷத்துக்கு மேல் உன் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான்.

உன் கத்தியை மடக்கித் தரையில் வைத்தேன். இளவரசி குனிந்து எடுத்துக்கொண்டாள். இந்தக் கடிதம் அச்சாகி வரும்போது அது அவள் பெட்டிக்குள் இருக்கும். எனக்குப் புதுசாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றாள். எப்படி வேண்டும் என்று கேட்டாள். வாசலில் வாஞ்சூர்ப் பக்கம் போகும் லாரி ஒன்று கடந்து போனது. அந்தச் சத்தத்தில் சொன்னால் யாருக்கும் கேட்காது என்று, "பூட்டு வச்சது" என்றேன். அவளுக்குக் கேட்டுவிட்டது.

மரப்பிடிக் கத்தி என்னிடம்தான் இருக்கிறது. மாம்பழத்துக்கும் வெற்றிலைக் காம்புக்கும் வைத்திருக்கிறேன். பழம் வெட்ட அதை அடிக்க உலகத்தில் கத்தி கிடையாது, இதை நீ ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். பக்கிரி மட்டும் டீக்கடையில் இன்னும் அந்த மீனைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். போன புதன்கிழமை அதற்கு மீசை வந்திருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. புதுக் கத்தி வந்ததும் கடலுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் உன் படத்துக்கு எதிரில் வந்து நிற்பேன். நீ சொன்னதுதான் சரி என்று என் வாயிலிருந்து வராது, அதற்குக் காத்திருக்காதே. ஒரு கையால், கட்டைவிரலால், ஒரே ஒரு தடவை திறப்பேன். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு மூத்தவன், உன் மகளுக்குத் தாய்மாமன், உனக்கு இன்னும் மச்சான்,
ஆறுமுகம்