தேயாத தகடு

கூடப் பிறக்காமலே கூடப் பிறந்தவனாக இருந்த என் பங்காளி ராமசாமிக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். இருக்கட்டும். யாரை நம்புவது, சொல்?

நம் கூட்டுக் கிணற்றில் தண்ணீர் ஒருநாள் ஊதா, ஒருநாள் சிவப்பு என்று வந்தபோது சாயப்பட்டறை முதலாளியின் காரை மறித்து நின்றவன் நீ. நீ போன பிறகு அங்கே புதுத் தொட்டி வந்திருக்கிறது. தகடுகளை இறக்கிக் கரண்ட் விட்டால் சாயம் திரண்டு அடியில் தங்கிவிடுமாம். தெளிந்த தண்ணீரை நம் கிணற்றோர ஓடையில் விட நம் இரண்டு வீட்டுச் சம்மதமும் வேண்டுமாம். உன் பங்குக்கு உன் மகன் செந்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பாக்கி என் கைநாட்டு. அந்தத் தொட்டியை ஓட்டும் வேலையும் அவனுக்கே கொடுத்திருக்கிறார்கள். ஊரில் வேறு ஆளா இல்லை?

ஆடியில் தகடுகள் வந்து இறங்கியபோது போய் நின்றேன். செந்தில் விளக்கினான்.

“இது ஆனோடுங்க பெரியப்பா, ப்ளஸ்ஸு. அதுக்கு எதிரு கேத்தோடு, மைனஸ்ஸு.”

“பேரு கெடக்கட்டும் கண்ணு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“ப்ளஸ்ஸு கரைஞ்சுதானுங்க சாயத்தைப் புடிக்கும். நாலஞ்சு மாசத்துல சல்லடையாப் போயிரும். மைனஸ்ஸு அப்படியே இருக்குமுங்க.”

இறக்கும்போது ஒரு ப்ளஸ் தகடு கை நழுவி விழுந்து மூலை நசுங்கியது. அதன்மேல் நீல மையில் ஏதோ அச்சடித்திருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. பார்த்ததை மறக்கவும் தெரியாது.

மார்கழியில் மேனேஜர் ஒரு பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். “தொட்டித் தண்ணிங்க. பன்னீராட்ட இருக்குது பாருங்க.”

“அப்ப நீங்க ஒரு மொடக்குக் குடிங்க” என்றேன். அவருக்கு உடனே அவசர வேலை வந்துவிட்டது.

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் போனேன். தகடுகளைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். மூலை நசுங்கிய அதே தகடு, அந்த நீல எழுத்தோடு முழுசாகத் தொங்கியது.

“இப்பத்தான் மாத்துன புதுசுங்க பெரியப்பா.”

“புதுசும் அதே மூலையிலயா கண்ணு நசுங்கும்?”

செந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “கரண்டு பில்லு எகிறுமுன்னு மொதலாளி ஒரு நாளும் ஓட்ட உடலீங்க. எல்லாம் ராத்திரியில திருட்டுத்தனமா அப்படியே ஓடைக்குத்தான் போகுது. நீங்க கைநாட்டு வெச்சாத்தான் என் வேலை நெலைக்குமுங்க.”

உன் மகன் அழுததை நம்பினேன். அங்கே நம்பும்படி வேறொன்றும் இல்லை. நீ இருந்திருந்தால் அவனை அறைந்திருப்பாயா, அணைத்திருப்பாயா?

நாளை உன் வருஷத் திதி. முதலாளியும் வருகிறாராம். இலை போடும் முன்னால், சொந்தபந்தம் கேட்க மருமகள் இந்தக் கடிதத்தைப் படிப்பாள். செந்திலிடம் சொல்லிவிட்டேன். அவனும் “படிக்கட்டுமுங்க” என்றான்.

அவன் வேலை போனால் அவன் வீட்டு அடுப்பு என் பொறுப்பு. தொட்டி நிஜமாக ஓடி அந்தத் தகடு சல்லடையாவதை என் கண்ணால் பார்க்கும்வரை என் கட்டைவிரலில் மை படாது. இது உனக்குக் கொடுக்கிற வாக்கு, ராமசாமி.

கிணற்றில் உன் பாதிக்கும் காவலாக,
உன் மகனுடைய பெரியப்பன்