பச்சை லாரியில் சிவப்பு நட்டுகள்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், கை, கால், தலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அப்படி இருப்பது என் சாமர்த்தியத்தால் அல்ல என்று போன செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று கதவைச் சாத்த ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. முதலில் ஒரு கேள்வி. போன மாதப் பார்சலில் ஆறு குப்பி சிவப்பு நகப்பூச்சு அனுப்பியிருந்தாயே, அது எதற்கென்று தெரிந்து அனுப்பினாயா, தெரியாமல் அனுப்பினாயா? கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நகத்தில் ஒரு பொட்டுகூட நிறம் வைத்துக்கொள்ளாதவள் உன் அம்மா. குப்பிகளைப் பார்த்தபோதே எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது, கேட்டதற்கு "ஆசையா இருந்துச்சு" என்றாள், நகம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

நம் பக்கவாட்டு முற்றத்தில் நிற்கும் பழைய ராணுவ லாரியை உனக்குத் தெரியும், ஏலத்தில் எடுத்து வந்த நாளிலிருந்து அதை ஓட வைப்பதுதான் எனக்கு வேலை. கல்லூரியில் எனக்குக் கீழே சேர்ந்தவனைத் துறைத் தலைவர் நாற்காலியில் தூக்கி வைத்த பிறகு, பாடம் நடத்துவதைத் தவிர அங்கே எனக்கு வேறு வேலையும் இல்லை. நீ போன பிறகுதான் உன் மாமாவுக்கும் எனக்கும் பேச்சு நின்றது. அம்மா உனக்கு அவள் பக்கத்துக் கதையைச் சொல்லியிருப்பாள், என் பக்கத்தையும் கேள். பேச்சு நின்ற அன்று என் சக ஆசிரியர்கள் வண்டியைப் பார்க்க வந்திருந்தார்கள், அந்தத் துறைத் தலைவரும் இருந்தான். இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறியே நின்றேன், நட்டு அசையவில்லை, ஒரு போல்ட் முறிந்தது. உன் மாமா ராணுவப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர் அல்லவா, அதுவரை சும்மா நின்று பார்த்துவிட்டு, "மாப்ளே, அது இடது மரை, எதிர்ப்பக்கம் திருப்பணும். நீங்க கழட்டல, இன்னும் நாலு தலைமுறைக்குச் சேர்த்து முறுக்கிட்டிருக்கீங்க" என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். "வண்டியில மரை டைட்டாத்தான் இருக்கு, மாப்ளைக்குத்தான் கழண்டிருக்கு" என்று அடுத்ததையும் சொன்னார். துறைத் தலைவன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் வாசலைக் காட்டினேன், அவர் போய்விட்டார். ஆறு வருஷம் ஆகிறது.

அந்த வண்டியின் சக்கரத்தில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். உள்வட்டம் சக்கரத்தை அச்சோடு பிடிக்கிறது. வெளிவட்டத்தில் பத்து நட்டு, அவை அத்தனையும் சிவப்பாக இருந்தன. வண்டி முழுக்கப் பச்சை, நடுவில் இதென்ன அலங்காரம் என்று சுரண்டிவிட்டுப் பச்சை அடித்தேன். ஒரு மாதம் கழித்துத் தார்ப்பாயை விலக்கினால் பத்தும் சிவப்பு. மறுபடி பச்சை அடித்தேன், மறுபடி சிவப்பானது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து சக்கரம், ஐம்பது நட்டு, ஆறு வருஷத்தில் எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்றுகூட நினைத்தேன், பச்சையை நானே கனவில் அடித்தேனோ என்று தேதி போட்டுக் குறித்து வைத்தேன். கடைசியில் புகை வருகிறது என்று எப்போதும் சண்டைக்கு வரும் பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் செய்கிறார் என்று முடிவுகட்டி, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நன்றாகக் கேட்டுவிட்டேன். "எனக்குச் சட்டைக்கே பட்டன் வைக்க நேரமில்லை சார், உங்க நட்டுக்கு நான் ஏன் பொட்டு வைக்கிறேன்" என்றார். நான் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முன்பக்க வலது சக்கரத்தில் காற்று பாதி இறங்கியிருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, டியூபை எடுப்பதற்காக முற்றத்தில் கிடத்தினேன். அந்த ரிம் இரண்டு தட்டுகளால் ஆனது, வெளிவட்டத்துச் சிவப்பு நட்டுகள்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன, அவற்றைக் கழற்றினால் டயர் தானே கையோடு வந்துவிடும் என்று பார்த்ததுமே புரிந்தது. குனிந்து முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். உன் அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து ஸ்பேனரைப் பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். அந்த வண்டியில் எது கிளட்ச், எது பிரேக் என்று தெரியாதவள், என்னைப் பார்த்து, "காத்தை முழுசா இறக்குனீங்களா? வால்வைக் கழட்டி எடுத்தீங்களா?" என்று கேட்டாள். பாதிதான் அதுவே இறங்கிவிட்டதே என்றேன். உள்ளே காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் மேல்தட்டு நேராகக் குனிந்திருப்பவன் முகத்துக்குத்தான் வரும், அதைத் தொடாதே என்பதற்குத்தான் சிவப்பு என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். இயற்பியல் ஆசிரியனுக்கு! பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், பாதிக் காற்றிலேயே கிட்டத்தட்ட இரண்டு டன் விசை. வண்டியோடு வந்த கையேட்டில் எஞ்சினையும் மின்சாரத்தையும் பற்றிய பகுதிகளை மனப்பாடமாகச் சொல்வேன், சக்கரத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று அதைத் தள்ளிவிட்டேன். புரட்டியிருந்தாலும் படங்கள் கறுப்பு வெள்ளை, அதில் எங்கே சிவப்புத் தெரியும்? அதற்குள் தையல்காரர் ஸ்பேனரோடு வந்து, "பறந்து வந்துச்சு சார். சிவப்படிச்சது நான் இல்லைன்னு இப்பவாவது தெளிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடித்தது உன் அம்மா, முதலில் நீ விட்டுப்போன நகப்பூச்சால், பிறகு கடையில் வாங்கி, இப்போது நீ அனுப்பியதால். நான் பச்சை அடித்ததை அவள் தொலைபேசியில் சொன்னதும், அடிக்கச் சொன்னது உன் மாமா. "அவர்கிட்ட சொல்லாதே, நான் சொன்னேன்னு தெரிஞ்சா வீம்புக்கே கழட்டுவார், நட்டுகிட்ட சொல்லிடு" என்றாராம். இதில்தான் எனக்கு எதுவுமே விளங்கவில்லை. கோபப்பட வேண்டியவன் நானா, வெட்கப்பட வேண்டியவன் நானா? என்னை அவமானப்படுத்தியவர் ஆறு வருஷமாக என் தலையைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். காப்பாற்றியதால் அவமானம் இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது என்றுதான் படுகிறது, ஆனால் முன்பு போல உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று அம்மாவைக் கேட்டேன். "அதுக்கு முன்னாலயே மூணு தடவை சொன்னேன். 'அண்ணன் சொல்றார்'னு ஆரம்பிச்சதுமே, அந்த ஆள் பேச்சை இங்க எடுக்காதேன்னீங்க. நட்டு பேச்சும் அதோட போச்சு" என்றாள். மூன்று தடவையாம். எனக்கு ஒரு தடவைகூட நினைவில்லை. அவள் பொய் சொல்பவள் அல்ல, எனக்கு மறதியும் இல்லை, அப்படியானால் நான் என்னதான் கேட்டுக்கொண்டிருந்தேன்? மற்ற நான்கு சக்கரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவை வரச்சொல்லியிருக்கிறாளாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பச்சைப் பெயிண்ட் டப்பாவைத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டேன், அவர் வீட்டு கேட்டுக்கு வேண்டுமாம். மரையைப் பற்றி உன் மாமா வாயைத் திறந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டு நாளாக இதுதான் மனதில் ஓடுகிறது. என்னிடம் சொல்ல முடியாமல் இந்த வீட்டில் ஒருத்தி நட்டுக்கு நட்டாகச் சொல்லியிருக்கிறாள் என்றால், நீயும் எதையாவது சொல்ல வந்து பாதியில் நிறுத்தியிருப்பாய். நீ அத்தனை தூரத்தில் வேலை தேடிக்கொண்டது சம்பளத்துக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அது சரிதானா? அம்மாவுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது எதுவாக இருந்தாலும் எழுது. கோபப்பட மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன், அது பொய்யாகப் போகும். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கோபப்படுவேன், அதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன்.

கடைவாய்ப் பல்லைத் தள்ளிப் போடாமல் போய்க் காட்டு. குளிரில் வெறுங்காதோடு வெளியே போகாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனநிறைவோடு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, பதில் எழுதும்போது உறையின்மேல் அம்மா பெயரைப் போடாதே, என் பெயரைப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா