ஆளும் பெட்டியும் நூறு கிலோ

ரோலா, ஷார்ஜா
3 நவம்பர் 2024

அன்புள்ள சரோஜாவுக்கு,

நலம். நீயும் ஜோதியும் நலமாக இருக்க வேண்டும். போனை எடுத்தால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். மூன்று வருடமாக ஏன் லீவில் வரவில்லை என்று நீ கேட்பதில் தப்பில்லை. எனக்குத்தான் போனில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இனிமேல் கடிதம். ரூமில் என்னோடு இருக்கும் செய்கு முகம்மது லீவில் வருகிறார். பதிலை அவரிடமே கொடு.

என் வேலையைப் பற்றி நீ கேட்டதே இல்லை. இப்போது கேள். 1932இல் இந்த ஊரில் விமானம் இறங்க ஆரம்பித்தபோது சுற்றிலும் மணல்தான். லண்டனிலிருந்து கராச்சிக்குத் தபால் கொண்டுபோன விமானம் அது. தபாலோடு நாலைந்து ஆட்களும் வருவார்கள். அவர்கள் தங்கக் கட்டிய கோட்டைதான் நான் கூட்டித் துடைக்கும் மியூசியம். அன்றைய ஓடுபாதை இன்றைக்கு பஸ் போகும் ரோடு. தினமும் ஓடுபாதையில் நடந்துதான் டூட்டிக்குப் போகிறேன், விமானம் ஏறத்தான் வேளை வரவில்லை.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். அந்தக் காலத்தில் ஆளையும் தராசில் ஏற்றுவார்களாம். ஆளும் பெட்டியும் சேர்த்து நூறு கிலோ. குண்டானவருக்குப் பெட்டி சின்னது. எங்கள் கைடு ஹஸ்னைன், பாகிஸ்தான்காரன், ஸ்டோரில் கிடக்கும் பழைய தராசில் என்னை ஏற்றினான். ஐம்பத்தெட்டு. ‘பாய், உனக்கு நாற்பத்திரண்டு கிலோ பெட்டி’ என்று கை தட்டினான். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி நிறைந்துகொண்டிருக்கிறது. போர்வை, தைலம், பால் பவுடர், ஜோதிக்கு ஸ்கூல் பேக் எல்லாம் வாங்கிவிட்டேன். வேறு என்ன வேண்டும், எழுது.

உன்
வீரபாண்டி


அறந்தாங்கி
1 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஜோதி உங்கள் விமானக் கதையை ஸ்கூலில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஐம்பத்தெட்டு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். போன லீவில் ரேஷன் கடைத் தராசில் ஏறி, எழுபத்தைந்து என்று தொந்தியைத் தட்டிக் காட்டியது யார்? ஒரு வருடமாக வீடியோவில் நெற்றியும் ஃபேனும்தான் தெரிந்தன. பிறகு கேமரா உடைந்தது. இப்போது கடிதம். கடிதத்தில் முகம் தெரியாது அல்லவா?

செய்கு அண்ணனிடம் கேட்டேன். ‘அத ஏங்கிட்டக் கேக்காதம்மா’ என்று டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். எனக்கு ஒரு சாமானும் வேண்டாம். உடம்புக்கு என்ன என்று எழுதுங்கள். ஒன்றுமில்லை என்று எழுதினால் அந்தக் கடிதம் அடுப்புக்குத்தான் போகும்.

இப்படிக்கு,
சரோஜா


ரோலா
14 டிசம்பர் 2024

அன்புள்ள சரோஜாவுக்கு,

சர்க்கரை. இரண்டு வருடம் ஆகிறது. மியூசியத்தில் நிற்கும் பழைய விமானத்தின் இறக்கையைத் துடைக்க ஏணியில் ஏறியவன் தலை சுற்றி விழுந்தேன். ஹஸ்னைன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். மாத்திரை சாப்பிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை, சத்தியம்.

லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். இரண்டு தடவையும் நான்தான் வேண்டாம் என்றேன். வெட்கமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் பத்துப் பேர் ‘என்னப்பா இப்படி ஆயிட்ட?’ என்பார்கள். அதையாவது தாங்கலாம். கதவைத் திறந்து நீ ஒரு பார்வை பார்ப்பாயே, அதற்குத்தான் பயம். ஒரு பத்துக் கிலோ ஏறட்டும், வந்துவிடுகிறேன்.

உன்
வீரபாண்டி


அறந்தாங்கி
29 டிசம்பர் 2024

மாமா,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் என் மேலேயே கோபம் வந்தது.

அந்த விமானக் கம்பெனிச் சட்டம்தான் நம் வீட்டிலும் நடந்திருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் பெட்டி கூடியது, ஆள் குறைந்தது. முன்பு நீங்கள் வந்து நின்றபோதெல்லாம் நானும் பெட்டியைத்தான் முதலில் பிரித்தேன். அது என் தப்பு.

பத்துக் கிலோ ஏறும்வரை என்னால் காத்திருக்க முடியாது. எடை பார்த்தா உங்களைக் கட்டிக்கொண்டேன்? ஊரார் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாய் உங்களுக்குத் தெரியாததா? பெட்டி வேண்டாம். ஐம்பத்தெட்டு கிலோ வந்தால் போதும். மிச்சத்தைக் கேழ்வரகும் கீரையும் போட்டு நான் ஏற்றிக்கொள்கிறேன்.

உங்கள்
சரோஜா


ரோலா
16 ஜனவரி 2025

அன்புள்ள சரோஜாவுக்கு,

பெட்டியைப் பிரித்து ரூமில் கொடுத்துவிட்டேன். போர்வை ஹஸ்னைனுக்கு. வாங்கும்போது மூக்கை உறிஞ்சினான். ஜோதியின் ஸ்கூல் பேக்கை மட்டும் வைத்துக்கொண்டேன், அதற்குத் திட்டாதே. அதில்தான் என் இரண்டு சட்டையும் மாத்திரையும் உன் கடிதங்களும் இருக்கின்றன. தராசில் வைத்தேன், நாலு கிலோ. நானும் ஏறினேன், ஐம்பத்தொன்பது. உன் கடிதம் வந்த பிறகு சோறு இறங்குகிறது.

நேற்று தேதியைச் சொல்லத்தான் போன் செய்தேன். நீ வழக்கம்போல் அழுதாய். நான் கத்தவில்லை, கவனித்தாயா?

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, யார் கையிலும் கொடுத்து அனுப்பவும் இல்லை. சனிக்கிழமை காலை திருச்சியில் நானே உன் கையில் தருகிறேன். முகத்தை முதலில் பார், கடிதத்தைப் பிறகு படி.

உன்
வீரபாண்டி