குழவி விழுந்த தொட்டில்

டீச்சர்,

நேற்று பாண்டி பஜாரில் தொட்டில் பார்க்கப் போனேன். என் மகளுக்குப் பெண் பிறந்து பத்து நாளாகிறது. கடைக்காரர் ஸ்பிரிங்கை இழுத்துக் காட்டி, ஒரு தட்டு தட்டினால் போதும், தானே ஆடும் என்றார். புது வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி நாலு வருஷம் ஆன பிறகுதான் எனக்கு எழுதத் தைரியம் வருகிறது.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மந்தைவெளி வீட்டில் முன்கட்டில் நீங்கள் தனியாக, பின்கட்டில் நானும் என் வீட்டுக்காரரும். மற்ற குடித்தனங்கள் ஊருக்குப் போய்விட்டன. எனக்கு முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது வயிற்றில் ஏழு மாதம். அடையாறில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கிளம்புகிறது, சாமான்களை விற்கிறார்கள் என்று கேட்டு, இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று உங்களை இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே பிரம்புத் தொட்டில் ஒன்றும், சாவி கொடுத்தால் தானே ஆடும் தொட்டில் ஒன்றும் இருந்தன. நீங்கள் பிரம்பைத்தான் தொட்டுப் பார்த்தீர்கள். "ஆட்டுறதுக்கு நான் இல்லியா? சாவி எதுக்கும்மா?" என்றீர்கள். எனக்கோ தையல் மெஷினில் இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். சாவித் தொட்டில்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது என்பார்களே, அதனால் உங்கள் முன்கட்டில் வைத்தோம். என் வாசற்படியைத் தாண்டவில்லை என்று மனசுக்கு ஒரு சமாதானம். மூன்று மாதம் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தீர்கள்.

தொட்டிலில் போடும் நாளும் வந்தது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து என் வீட்டுக்காரரின் அத்தை மட்டும் வந்திருந்தார். குழந்தையைப் போடுமுன் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டுவது நம் பக்கத்து வழக்கம். சீமைத் தொட்டிலுக்கு அதெல்லாம் எதற்கு, கல் பட்டால் வார்னிஷ் போய்விடும் என்று நான்தான் தடுத்தேன். அத்தையும் சரி என்றுவிட்டார். கழுத்தில் ஜெபமாலையோடு நின்ற நீங்கள்தான் விடவில்லை.

"குழவி எங்கம்மா? அதை வெச்சிப் பாக்காம பச்சப் புள்ளைய போடக்கூடாது."

நீங்களே போய்த் தூக்கிவந்து, பழந்துணியில் சுற்றிப் படுக்க வைத்துச் சாவி கொடுத்தீர்கள். மூன்றாவது ஆட்டத்தில் கொக்கி தெறித்தது. குழவி விழுந்து சிமெண்டுத் தரை பிளந்தது. குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. "புள்ள பெறாத கை பட்டா இப்பிடித்தான் ஆவும்" என்றேன். முதல் குழந்தை போன பயம் அப்படிப் பேச வைத்தது என்று பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது சாக்கு. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள் முன்கட்டுக்குப் போய், வெளுத்துப் பூப்போல ஆகிவிட்ட உங்கள் நூல் புடவை ஒன்றைக் கொண்டுவந்து, தூளி கட்டச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தீர்கள். முடிச்சை நீங்கள் தொடவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் வழக்கம்போல வந்தீர்கள். தள்ளி உட்கார்ந்து தூளிக் கயிற்றை இழுத்து ஆட்டுவீர்கள், நான் தைப்பேன். ஆனால் குழந்தையை நீங்களாகத் தூக்கவே இல்லை. அவள் தவழ்ந்து வந்து உங்கள் புடவையைப் பிடித்தாலும், நடக்கத் தெரிந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாலும், முதலில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் தலையசைத்த பிறகுதான் உங்கள் கை அவள் மேல் படும். ஐந்து வருஷம், நீங்கள் மாற்றலாகிப் போகும்வரை, ஒரு நாள் தவறாமல் அந்தப் பார்வையைப் பார்த்தேன். அது ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கை இல்லாவிட்டால் அவள் இல்லை டீச்சர். அதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது. ஒவ்வொரு தடவையும், அனுமதி கொடுக்கிறவள் மாதிரி, தலையை மட்டும் ஆட்டினேன்.